எந்த ஏணியில் நிற்கிறோம்?

ஒரு விளையாட்டாளருக்கு மனநிறைவைத் தருவது எது? பதக்கமா, பணமா, பேரா? கேட்டால் எல்லாரும் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். "ஜெயிச்சா சந்தோஷம், தோத்தா வருத்தம். இதில யோசிக்க என்ன இருக்கு?" என்பார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நிறைய ஜெயித்தும் மனம் கசந்துபோனவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட அளவைத் தாண்டாமலே விளையாட்டை விட்டு, ஐம்பது வயதிலும் அந்த நாட்களைப் பற்றி முகம் மலரப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் டவுன்களிலும் பந்து உதைத்தும், ஓடியும், கபடி ஆடியும் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. பதினேழு வயதில் பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவன், இருபத்தைந்து வயதில் தன்னை என்னவென்று நினைக்கிறான் என்பது அவன் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது.

முதலில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1992-இல் பார்சிலோனாவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தப் போட்டிகளின் வீடியோக் காட்சிகளை விக்டோரியா மெட்வெக், தாமஸ் கிலோவிச் முதலிய மனவியல் ஆய்வாளர்கள் எடுத்து, பதக்கம் வென்றவர்களின் முகங்களைச் சிலரிடம் காட்டினார்கள். இவர்கள் முகத்தில் தெரிவது வேதனையா மகிழ்ச்சியா என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெள்ளி வாங்கியவர் வெண்கலம் வாங்கியவரைவிட மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், இல்லையா? போட்டி முடிந்த அந்த நேரத்தில் வெண்கலக்காரர்களுக்குக் கிடைத்த சராசரி 7.1. வெள்ளிக்காரர்களுக்கு 4.8தான். 1995-இல் வெளிவந்த இந்த முடிவுக்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது. வெள்ளி வாங்கியவர் மேலே பார்க்கிறார், "அடடா, தங்கம் போச்சே" என்று நினைக்கிறார். வெண்கலம் வாங்கியவர் கீழே பார்க்கிறார், "நல்லவேளை, நாலாவதா வந்து வெறுங்கையோட போகல" என்று நினைக்கிறார்.

அதாவது, உலகத்தில் இரண்டாவது ஆளாக இருப்பது ஒரு விஷயம். நாம் எங்கே நிற்கிறோம் என்று நம் மனது நினைப்பது வேறு விஷயம். இந்த இரண்டாவது விஷயத்தை அளப்பதற்கும் ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நான்சி ஆட்லர் என்பவரும் அவரது குழுவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்துப் படி உள்ள ஏணிப் படம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மேல் படியில் பணம், படிப்பு, நல்ல வேலை உள்ளவர்கள். அடிப்படியில் இவை எதுவும் இல்லாதவர்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறீர்கள், அங்கே ஒரு குறி போடுங்கள். அவ்வளவுதான். யாரும் வந்து சரிபார்க்க மாட்டார்கள். அப்படியும் அந்தக் குறி மனிதனின் மனநிலையோடும் உடல் நலத்தோடும் நெருக்கமாகச் சேர்ந்தே போகிறது என்று கண்டார்கள்.

இங்கேதான் நமக்கு முக்கியமான கேள்வி வருகிறது. அந்த ஏணி எந்த ஏணி?

2012-இல் கேமரன் ஆண்டர்சன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத் தேடினார்கள். நாட்டிலேயே நாம் எவ்வளவு வசதியானவர் என்பது ஒரு நீள ஏணி. நம் நண்பர்கள், நம் குழு, தினமும் முகம் பார்க்கிற மனிதர்கள் நம்மை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது ஒரு குட்டை ஏணி. மனநிறைவை அதிகம் தீர்மானிப்பது எது? குட்டை ஏணிதான் என்று அவர்கள் கண்டார்கள். சம்பளத்தையும் சொத்தையும்விட, தெரிந்தவர்கள் தரும் மரியாதைதான் மனிதனின் மனநிறைவோடு அதிகம் ஒட்டி நிற்கிறது.

இதைச் சொல்ல அமெரிக்க ஆய்வு எதற்கு என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் கேட்கலாம். அவர்கள் கேட்பது நியாயம். ஏனென்றால் அவர்கள் இதை வாழ்ந்து பார்த்தவர்கள்.

பழைய ரப்பர்த் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டமே ஓர் ஏணிதான். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணி வீடு. அதற்கும் கீழே கங்காணி, மண்டோர். அடியில் வரிசையாக லயத்து வீடுகள். ஒரு மனிதன் எந்தப் படியில் பிறந்தான் என்பதை அவன் வீடு இருக்கும் இடமே சொல்லிவிடும். பால் மரம் வெட்டுகிறவர் மகன் அந்த ஏணியில் ஒரு படி ஏறுவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

ஆனால் அதே தோட்டத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே வேறொரு ஏணி நின்றது. கிராணி மகன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், மரம் வெட்டுகிறவர் மகன் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துவான். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் லயமே திரண்டு வரும். "நம்ம கோல்கீப்பர் இருக்கான், பயமில்ல" என்று ஒரு பெரியவர் சொன்னால், அந்தப் பையனுக்கு அது போதும். சம்பளச் சீட்டில் அந்த மரியாதைக்கு இடமில்லை. மறுநாள் காலையில் அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகும்போதும் அது அவன் கூடவே போனது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் குறைவு, வீடு தோட்டத்துக்குச் சொந்தம், பிள்ளைகளுக்குப் படிப்பு தூரம். அதை மறக்கக் கூடாது. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, பல இடங்களில் துண்டு துண்டாகி வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. நம் குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று டவுன் பக்கமும் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தன. பெயரும்போது சட்டி பானையை எடுத்துப் போனோம், சாமி படத்தை எடுத்துப் போனோம். அந்தக் குட்டை ஏணியை எடுத்துப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில், "நம்ம கோல்கீப்பர்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இப்போது டவுனில் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். நன்றாக ஓடுகிறான். பள்ளித் திடல்தடப் போட்டியில் முதலிடம், மாவட்டத்தில் இரண்டாமிடம், மாநிலத்தில் ஆறாமிடம். வீட்டுக்கு வந்தால் கேள்வி: "ஆறாவதா? அதுக்கா இவ்வளவு அலைச்சல்?" உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு கேள்வி: "எஸ்.பி.எம்.ல எத்தனை ஏ, தம்பி?" அங்கே அவன் ஓடுவதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் உலகத்திலேயே வேகமான ஆட்கள் ஓடுவது தெரியும். ஆக, அவன் பார்க்கிற எல்லா ஏணியும் நீள ஏணி. எல்லாவற்றிலும் அவன் அடிப்படியில். மாநிலத்தில் ஆறாவது வேகமான பையன், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறான். இதே நிலையில் ஒரு பெண் பிள்ளை இருந்தால், "இன்னும் எத்தனை நாளைக்கு அரைக்கால் சட்டை போட்டு ஓடப் போற?" என்பதும் சேர்ந்துகொள்ளும்.

மரியாதைப் பசி சோற்றுப் பசி மாதிரி. வீட்டில் கிடைக்காவிட்டால் வெளியே தேடும். நம் சமுதாயத்தில் குண்டர் கும்பல் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது வறுமை, படிப்பின்மை, சினிமா என்று காரணம் அடுக்குகிறோம். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கும்பலும் ஒரு குட்டை ஏணியைத் தருகிறது. அங்கே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, ஓர் இடம் உண்டு, "அண்ணன்" என்று கூப்பிட நாலு பேர் உண்டு. திடல் கொடுத்த மரியாதையை நாம் எடுத்துவிட்டால், அந்த இடம் காலியாகவே இருக்காது.

சரி, பெரிய வெற்றி பெற்றவர்களுக்காவது இந்தக் கவலை இல்லையா? நம் நாட்டில் தேசிய விளையாட்டு விருது முதன்முதலில் வழங்கப்பட்டது 1966-ஆம் ஆண்டுக்கு. அந்த முதல் ஆண்டில் சிறந்த வீரர் எம். ஜெகதீசன், சிறந்த வீராங்கனை எம். ராஜமணி. இருவரும் தமிழர்கள். அந்த ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றார். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். இந்த வரலாறு நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் ஜெகதீசனை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள்? "அவர் டாக்டர், டான்ஸ்ரீ" என்றுதான். அவர் மருத்துவரும்தான், அது பெருமைதான். ஆனால் மனசாட்சியைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அதே மூன்று தங்கத்தை வாங்கிய ஒருவர் பின்னாளில் லோரி ஓட்டிப் பிழைத்திருந்தால், நம் விழா மேடையில் அவருக்கு முன் வரிசை நாற்காலி கிடைத்திருக்குமா? "கிடைத்திருக்காது" என்பது உண்மை என்றால், நாம் மதிப்பது ஓட்டத்தையா, உத்தியோகத்தையா?

ஜெகதீசனின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியோடு அவர் ஓட்டம் முடிந்தது. பதக்கம் இல்லை. ஆனால் அங்கே அவர் ஓடிய 20.92 வினாடி 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2017-இல்தான் அதை ஒருவர் 20.90 என்று மாற்றினார். அவர் நம் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹாஃபிஸ் ஜந்தான். இரண்டு தலைமுறைக்கு நடுவே ஒரு வினாடியில் நூற்றில் இரண்டு பங்கு! பதக்க மேடையை மட்டும் பார்த்தால் மெக்சிகோவில் ஜெகதீசனுக்கு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் அன்று அவர் தன் வாழ்நாள் ஓட்டத்தை ஓடினார். கடிகாரம் பக்கத்து லேனில் ஓடுகிறவனைப் பார்ப்பதில்லை. நேற்றைய நம்மையும் இன்றைய நம்மையும் மட்டுமே அது ஒப்பிடுகிறது.

1980-ஆம் ஆண்டுக் காற்பந்துக் குழுவைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். தலைவர் சோ சின் ஆன், நம் அலோர் காஜா மண்ணில் பிறந்தவர். கோல் காவலர் நம் "ஸ்பைடர்மேன்" ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்றவர்கள் போகவே இல்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். நீள ஏணிக் கணக்கில் அந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, ஓர் ஆட்டமும் இல்லை. ஆனால் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2016-இல், அந்தக் குழுவின் கதையிலிருந்து பிறந்த "ஓலா போலா" படத்தை இந்த நாட்டு மக்கள் இனம் பார்க்காமல் போய்ப் பார்த்தார்கள். நடக்காத ஆட்டத்துக்காக யாரும் அவர்களை மறக்கவில்லை. மக்கள் மனதில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை யாரோ கொடுத்தார்கள். யாரும் கொடுக்காவிட்டால் அது கிடைத்திருக்காது.

இந்த இடத்தில் நம் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே. மரியாதைக்கு ஏங்குவது ஆணவம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் போதனை யாருக்கு? செய்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. பார்த்துக்கொண்டிருக்கிறவன் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கு அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. உழைத்தவனிடம் கூலி கேட்காதே என்று முதலாளி உபதேசம் செய்தால் நாம் சும்மா இருப்போமா? பலனை எதிர்பார்க்காமல் ஓடுவது ஓடுகிறவன் தர்மம். ஓடியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மதிப்பது ஊரின் தர்மம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

இன்னொரு மறுப்பும் வரும். "குட்டை ஏணியே போதும் என்றால் பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாகிவிட மாட்டார்களா? தோட்டத்தில் ராஜா, வெளியே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா?" ஆகலாம். ஊர்க் கைத்தட்டலிலேயே மயங்கிப் பயிற்சியை விட்டவர்களும் உண்டு. அதற்கு மருந்து கடிகாரம். மரியாதை ஊரிடமிருந்து வரட்டும், அளவுகோல் கடிகாரத்திடமிருந்து வரட்டும். காலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கிறவன்தான் உயரமாகத் தாண்டுவான். தோற்றால் வீட்டிலும் இடமில்லை, ஊரிலும் இடமில்லை என்று பயந்துகொண்டு ஓடுகிறவன் கால் பின்னிக்கொள்ளும்.

சோறு போடுமா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. அப்பா அம்மா கேட்பது அன்பால்தான். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினால் நம் அரசாங்கத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் உண்டு: தங்கத்துக்கு 5,000 ரிங்கிட், வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000. அந்த மேடைக்குப் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் படிப்போ கைத்தொழிலோ கூடவே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதில் மழுப்பக் கூடாது. ஆனால் சோறு வேறு, மதிப்பு வேறு. விளையாட்டு சோறு போடாவிட்டாலும், அது ஒரு மனிதனுக்கு "நான் யார்" என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். சோறு போடாத எதற்கும் மதிப்பில்லை என்றால், பெற்ற தாயின் பாசத்தையும் தராசில்தான் வைக்க வேண்டும்.

ஆகவே, விளையாடுகிற தம்பி, தங்கைக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தாளில் ஏணி ஒன்று வரையுங்கள். உங்கள் படியில் குறி போடுவதற்கு முன்னால், அந்த ஏணியில் வேறு யார் யாரை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பெயர் எழுதுங்கள். நேரில் பார்த்தே இராதவர்கள் எத்தனை பேர்? உங்கள் பெயர்கூடத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களை அடித்துவிடுங்கள். பிறகு மிச்சமிருப்பவர்களைப் பாருங்கள்: கூட ஓடுகிறவர்கள், பயிற்சி கொடுக்கும் ஆசிரியர், காலையில் எழுப்பிவிடும் அம்மா. உங்கள் ஏணி அதுதான். அதற்குப் பக்கத்தில் உங்கள் சென்ற ஆண்டு நேரத்தையும் இந்த ஆண்டு நேரத்தையும் எழுதி வையுங்கள்.

விளையாட்டை விட்டுவிட்ட அண்ணன்களே, அக்காக்களே, ஜெர்சியைக் கழற்றினால் ஏணியும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொடக்கம் எடுப்பது எப்படி, தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவது எப்படி என்று சொல்லித்தர உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. வாரம் ஒரு சாயங்காலம் திடலுக்கு வந்தால் போதும்.

நம் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்துகிறோம். கோப்பை கொடுக்க ஒரு பிரமுகரைத் தேடி அலைகிறோம், அவர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிறோம். அடுத்த விழாவில் உங்கள் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஓடிய, உதைத்த, தாண்டிய ஒருவரைக் கண்டுபிடியுங்கள். இன்று அவர் காவலாளியாக இருக்கலாம், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கலாம். அவர் கையால் கோப்பை கொடுக்கச் சொல்லுங்கள். அவர் எந்த ஆண்டு, எந்த அணிக்கு என்ன செய்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். வென்றவர்களோடு சேர்த்து நாலாவதாக, ஆறாவதாக வந்தவர்களின் பெயரையும் முழுதாக, சரியான உச்சரிப்போடு வாசியுங்கள்.

இதற்கு மானியம் வேண்டாம், அரங்கம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். நீள ஏணியை நம்மால் உடனே மாற்ற முடியாது. குட்டை ஏணி நம் கையில் இருக்கிறது. தோட்டம் போனபோது நாம் விட்டுவிட்டு வந்த அந்த ஏணியை மறுபடியும் திடலில் நிறுத்துவோம். நாளைக்கே தொடங்கலாம். சாயங்காலம் திடலுக்குப் போங்கள். வியர்த்து நிற்கிற ஒரு பிள்ளையிடம் ஜெயித்தாயா என்று கேட்காதீர்கள். "உன் பேரென்னப்பா?" என்று கேளுங்கள்.